"எங்கை கையெழுத்து வைக்கிறது, தம்பி?"
நினைவு தளரும் பெரியோரும் நொத்தாரிசுப் பத்திரங்களும்



எமது முதியோர் நலப் பிரிவிற்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் அண்மைக் காலமாக ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகின்றது. "அம்மாவுக்குக் கொஞ்சம் மறதி. ஒரு கடதாசியிலை கையெழுத்து வேணும். லோயர் மாட்டன் எண்டுறார். வேறை ஆரிட்டைப் போகலாம்?" இதுதான் அந்தக் கேள்வி. கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெற்றோரைத் தம்முடன் வைத்து, மருந்து கொடுத்து, வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்த் திரியும் பிள்ளைகளே பெரும்பாலும் கேட்கிறார்கள். ஆயினும் அந்தக் கேள்வியில் ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. அதை இப்பாடத்தில் எடுத்துப் பார்ப்போம். இது சட்ட ஆலோசனை அன்று. உங்கள் விடயத்துக்கு உங்கள் சட்டத்தரணியையே கேட்க வேண்டும். ஆனால் அவரிடம் போகுமுன் நாம் தெரிந்திருக்க வேண்டியவை பல உண்டு.

1. ஒரு குடும்பத்தின் அனுபவம்

குடும்பத்தினரின் அனுமதியுடன், அடையாளங்களை மாற்றி இதனை எழுதுகிறோம்.

ஸ்காபுறோவில் மகனுடன் வாழும் எண்பது கடந்த அம்மா ஒருவர். யாழ்ப்பாணத்தில் அவர் பெயரில் நாலு பரப்புக் காணியும் வீடும் இருக்கின்றன. சற்றுத் தள்ளி ஒரு பனங்காணியும் உண்டு. இரண்டு ஆண்டுகளாக அவருக்கு மறதி. காலையில் சாப்பிட்டதை மத்தியானம் மறந்துவிடுவார். ஊர்க் காணிகளை விற்பதற்காக மகன் ஓர் அற்றோணித் தத்துவத்தை எழுதுவித்து, தாயாரை இங்குள்ள சட்டத்தரணி ஒருவரிடம் கூட்டிச் சென்றார். சட்டத்தரணிக்குத் தமிழ் தெரியாது. மகனே மொழிபெயர்த்தார். அம்மா கடதாசியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பேனையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: "எங்கை கையெழுத்து வைக்கிறது, தம்பி?"

சட்டத்தரணி பேனையை மெதுவாகத் திருப்பி வாங்கிக்கொண்டார். "இன்றைக்கு வேண்டாம். குடும்பத்தைச் சேராத ஒரு மொழிபெயர்ப்பாளருடன் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மகனுக்குக் கோபம். எமக்குத் தொலைபேசி எடுத்தார்.

அடுத்த முறை எமது பிரிவிலிருந்து ஒருவர் மொழிபெயர்க்கச் சென்றார். "உங்களுக்கு என்ன சொத்து இருக்கிறது?" என்று சட்டத்தரணி கேட்டார். அம்மா இரண்டு நிமிடம் பேசினார். கிணறு, வேலி, மகள், கூரை என்று எங்கெங்கோ போனார். எம்மவர் அதனைச் சுருக்கி, "ஊரில் ஒரு வீடு இருக்கிறதாம்" என்றார். சட்டத்தரணி எம்மவரைப் பார்த்து, "அவர் இரண்டு நிமிடம் பேசினார். நீங்கள் நாலு சொல் சொன்னீர்கள். மிகுதி எங்கே?" என்று கேட்டார். நல்லெண்ணத்துடன்தான் நாம் சுருக்கினோம். அம்மா தடுமாறுகிறார் என்று தெரிந்தால் வேலை நடக்காதே என்று நினைத்தோம். அது எமது பிழை. அன்றும் கையெழுத்து வைக்கப்படவில்லை.

மூன்றாம் முறை நடந்ததைக் கடைசியில் சொல்கிறோம். அதற்கு முன், அந்தச் சட்டத்தரணி ஏன் மறுத்தார் என்பதை விளங்கிக்கொள்வோம்.

2. முத்திரை எதைச் சொல்கிறது?

எம்மவருக்கு நொத்தாரிசு என்றால் ஒரு பெரும் மதிப்பு உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி கைமாறுவதற்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிற்க எழுதப்பட்ட உறுதி வேண்டும். உறுதியை எழுதுபவரே நொத்தாரிசுதான். 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் அவருக்கு மேலும் ஒரு கடமையை விதித்தது. வாசிக்கத் தெரியாதவர் கையொப்பமிட்டால் அல்லது கைநாட்டு வைத்தால், உறுதியைச் சாட்சிகளின் முன் வாசித்து விளங்கப்படுத்த வேண்டும். உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய உறுதியின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். வாசித்து விளங்கப்படுத்தியது பற்றிய வாசகம் அங்கே இருக்கக் கூடும். எனவே விளங்கிக்கொண்டு கையொப்பமிடுவது என்பது கனடாக்காரர் எம்மீது சுமத்திய புதுச் சட்டமன்று. எமது அப்பு ஆச்சி காலத்து உறுதியிலும் அது இருந்தது.

ஒன்ராறியோவில் நொத்தாரிசின் வேலை சற்று வேறு. மூலப் பத்திரத்தைப் பார்த்து, பிரதி சரியானது என்று சான்று கூறுவார். சத்தியக் கடதாசிக்குச் சத்தியம் எடுப்பார். வெளிநாட்டுக்குப் போகும் பத்திரத்தில், இன்னார்தான் என் முன்னிலையில் கையொப்பமிட்டார் என்று சான்று கூறுவார். கையொப்பமிடுபவர் யார் என்று அடையாள அட்டை சொல்லும். ஆனால் எதற்குக் கையொப்பமிடுகிறோம் என்று அவருக்குத் தெரியுமா, தன் விருப்பத்துடன் செய்கிறாரா என்பதை அடையாள அட்டை சொல்லாது. அதனை அவருடன் பேசித்தான் அறிய முடியும். பேசிய பின்பும் ஐயம் தீரவில்லை என்றால், முத்திரை குத்த மறுப்பதே நேர்மையான நொத்தாரிசின் வேலை.

இங்கு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒன்ராறியோவில் மரணசாசனத்துக்கோ, இங்குள்ள சொத்துக்கான அற்றோணித் தத்துவத்துக்கோ நொத்தாரிசு முத்திரை கட்டாயமில்லை. அவற்றுக்கு வேண்டியவை தகுதியுள்ள கையொப்பமும் முறையான இரண்டு சாட்சிகளும். முத்திரை இருந்தாலும், கையொப்பமிட்டவருக்கு அந்த நேரத்தில் விளக்கம் இருக்கவில்லை என்று பின்னர் நிரூபிக்கப்பட்டால் பத்திரம் விழுந்துவிடும். "வேறை ஆரிட்டைப் போகலாம்?" என்ற கேள்வியின் தவறு இதுதான். கேள்வி கேட்காமல் முத்திரை குத்தும் ஒருவரைக் கண்டுபிடிப்பது, இன்றைய தலையிடியை நாளைய வழக்காக மாற்றுவதாகும். அந்த வழக்கில் எதிரெதிரே நிற்பவர்கள் உங்கள் சகோதரங்களாக இருப்பார்கள்.

3. மறதி வேறு, தகுதி வேறு

ஒன்ராறியோவின் 'சப்ஸ்ரிரியூட் டிசிஷன்ஸ் அக்ற்', அதாவது பதில் முடிவெடுப்போர் சட்டம், 1992இல் நிறைவேறி 1995 ஏப்ரல் 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயது நிரம்பிய எவரும் ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர் என்றே அது தொடங்குகிறது. தகுதி இல்லை என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். வயது போய்விட்டது, பெயர்கள் மறந்துபோகின்றன, வைத்தியர் 'டிமென்ஷியா' என்று எழுதியிருக்கிறார் என்பதெல்லாம் தம்மளவில் ஒருவரின் உரிமையைப் பறித்துவிடுவதில்லை.

அப்படியானால் எதைப் பார்க்கிறார்கள்? இரண்டு விடயங்களை. முதலாவது, முடிவெடுக்கத் தேவையான செய்தியை விளங்கிக்கொள்ள முடிகிறதா? இரண்டாவது, அந்த முடிவை எடுத்தால் என்ன நடக்கும், எடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று தன் நிலைமையில் வைத்துப் பார்க்க முடிகிறதா? இந்த இரண்டும் இருந்தால், இன்று என்ன கிழமை என்று தெரியாதவரும் தகுதியுள்ளவராக இருக்கலாம். இவை இல்லாவிட்டால், இனிமையாகச் சிரித்துக் கதைத்து, அழகாகக் கையொப்பமிடுபவரும் தகுதியற்றவராக இருக்கலாம். பழகிய கையெழுத்து எளிதில் மறப்பதில்லை. அதனால் கையெழுத்தைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது.

மொன்றியலில் உருவாகி, உலகெங்கும் பயன்படும் 'மொக்கா' என்னும் நினைவுச் சோதனையை நம்மிற் பலரது பெற்றோர் செய்திருப்பார்கள். அதற்கு 30 புள்ளிகள். அது நோயைத் தேடுவதற்கான ஒரு கருவி. இத்தனை புள்ளிக்குக் குறைந்தால் கையொப்பமிட முடியாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. குறைந்த புள்ளி எச்சரிக்கை மணி மட்டுமே.

4. பத்திரத்துக்குப் பத்திரம் அளவு வேறு

தகுதி என்பது வீட்டு மின்விளக்குப் போல ஒரே ஆளியில் எரிவதோ அணைவதோ அன்று. ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஓர் அளவு உண்டு.

மரணசாசனத்துக்கான அளவு இங்கிலாந்தில் 1870இல் தீர்க்கப்பட்ட 'பாங்க்ஸ் எதிர் குட்ஃபெலோ' வழக்கிலிருந்து வருகிறது. யோன் பாங்க்ஸ் என்பவர் மனநோயால் வைத்தியசாலையில் இருந்தவர். இறந்துபோன ஒரு மனிதன் தன்னைத் துரத்துகிறான் என்று நம்பியவர். ஆயினும் தன் சொத்து என்ன, தன்மீது உரிமை கொண்டாடக் கூடியவர் யார், தான் எழுதும் சாசனம் என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய பிரமை அந்த முடிவைத் தொடவில்லை. எனவே சாசனம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. இன்றும் ஒன்ராறியோ நீதிமன்றங்கள் இந்த அளவையே எடுத்து வைக்கின்றன.

அதேநேரம், கனடா உச்ச நீதிமன்றம் 1995இல் 'வவுட் எதிர் ஹே' என்ற ஒன்ராறியோ வழக்கில் இன்னொன்றைத் தெளிவாக்கியது. சாசனம் எழுதப்பட்ட சூழ்நிலை சந்தேகத்துக்கு இடமளித்தால், எழுதியவருக்கு அதன் உள்ளடக்கம் தெரியும், தகுதியும் இருந்தது என்பதைச் சாசனத்தை முன்வைப்பவரே நிரூபிக்க வேண்டும். நன்மை பெறப்போகும் பிள்ளையே சட்டத்தரணியை ஒழுங்குசெய்து, தானே கூட்டிச்சென்று, பக்கத்தில் இருந்து, தானே மொழிபெயர்த்தால் பிறர் என்ன நினைப்பார்கள் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

உடல்நலப் பராமரிப்புக்கான அற்றோணித் தத்துவத்துக்கு அளவு எளியது. நியமிக்கப்படுபவருக்குத் தன் நலனில் உண்மையான அக்கறை உண்டா என்று விளங்க வேண்டும். தனக்காக அவர் முடிவெடுக்க நேரலாம் என்பதும் தெரிய வேண்டும். தன் பணத்தைக் கணக்குப் பார்க்க முடியாத ஒருவர், "எனக்கு ஏதும் எண்டால் மூத்தவள்தான் பாக்கவேணும்" என்று உறுதியாகச் சொல்லலாம். அது போதுமானதாக இருக்கலாம்.

சொத்துக்கான தொடர் அற்றோணித் தத்துவத்திலும் சட்டம் ஒரு கருணை காட்டுகிறது. தன் சொத்தைத் தானே நிர்வகிக்க இயலாத நிலைக்கு வந்துவிட்டவரும், தத்துவம் கொடுக்கும் அளவு விளக்கம் அந்நேரத்தில் இருந்தால் கொடுக்கலாம். கதவு முழுதாக மூடிவிட்டது என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது.

5. ஏழு விடயங்கள்

சொத்துக்கான தொடர் அற்றோணித் தத்துவம் கொடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை என்று சட்டம் ஏழு விடயங்களைக் கூறுகிறது. அவற்றை எமது வீட்டுத் தமிழில் கேள்விகளாகத் தருகிறோம்.

ஒன்று: "உங்களிட்டை என்னென்ன இருக்கு? ஏறக்குறைய என்ன பெறுமதி?"
இரண்டு: "உங்களை நம்பி ஆர் இருக்கினம்? அவைக்கு என்ன செய்யவேணும்?"
மூன்று: "இந்தக் கடதாசி குடுத்தால் பிள்ளை என்னென்ன செய்யலாம்?" மரணசாசனம் எழுதுவது தவிர, தான் செய்யக்கூடிய எதையும், தான் நிபந்தனை விதித்தால் அதற்கு அமைய, அவர் செய்யலாம் என்பதே விடை.
நாலு: "செய்ததுக்குப் பிள்ளை கணக்குக் காட்டவேணுமோ?"
ஐந்து: "பிறகு மனம் மாறினால் என்ன செய்யலாம்?" தகுதி இருக்கும்வரை திரும்பப் பெறலாம்.
ஆறு: "கவனமாய்ப் பாக்காட்டில் சொத்துக்கு என்ன நடக்கும்?"
ஏழு: "நம்பிக் குடுத்தவர் பிழையாய்ப் பாவிச்சால்?"

ஏழாவது கேள்வி எம்மவருக்குக் கசக்கும். "என்ரை பிள்ளை அப்பிடிச் செய்யாது" என்பார்கள். சட்டம் உங்கள் பிள்ளையைக் கள்ளன் என்று சொல்லவில்லை. அப்படியும் நடக்கக்கூடும் என்று தெரிந்துதான் கொடுக்கிறாரா என்று மட்டுமே கேட்கிறது.

இவற்றில் எதையும் "ஓம்", "இல்லை" என்ற விடை வரும்படி கேட்கக் கூடாது. "இது வீட்டுக் கடதாசி, தெரியுந்தானே அம்மா?" என்றால் "ஓம்" என்றே வரும். எமது பெரியவர்கள் மரியாதைக்காகவும் ஓம் என்பார்கள், விளங்காததை மறைக்கவும் ஓம் என்பார்கள். "இந்தக் கடதாசி என்ன செய்யும்? எனக்குச் சொல்லுங்கோ" என்று கேட்டால்தான் உண்மை தெரியும். பத்து நிமிடம் வேறு கதை கதைத்துவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்பதும் நல்லது. சொற்கள் மாறினாலும் விருப்பம் மாறாமல் இருந்தால் அது அவருடைய விருப்பம்.

6. வீட்டில் செய்யவேண்டிய ஆயத்தம்

மறதி எல்லாம் ஒரே வகை அன்று. சிறுநீர்த் தொற்று, நீர் குறைதல், புதிய நித்திரை மாத்திரை, தைரொயிட் குறைபாடு ஆகியவை ஒருவரைக் குழப்பிவிடலாம். பி12 உயிர்ச்சத்துக் குறைவாலும் நினைவு மங்கலாம். மரக்கறி உணவே உண்ணும் பெரியோர் இதனைக் குடும்ப வைத்தியரிடம் சோதித்துக்கொள்வது நன்று. இவை மருந்தால் திருந்தக்கூடியவை. சில நாட்களுக்குள் குழப்பம் அதிகரித்திருந்தால் முதலில் வைத்தியரிடம் போங்கள், பத்திரம் பிறகு.

அடுத்தது நேரம். மறதி உள்ளவர்களுக்குப் பின்னேரத்தில் தடுமாற்றம் கூடுவது வழக்கம். காலைச் சாப்பாடு முடிந்து, மனம் தெளிந்திருக்கும் நேரத்தில் சந்திப்பை ஒழுங்குசெய்யுங்கள். கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் மறக்க வேண்டாம். காது கேளாமையைப் பலரும் மூளைக் குழப்பம் என்று எண்ணிவிடுகிறார்கள். பனிக்காலத்தில் வெளியே போவது சிரமமானால், சட்டத்தரணி வீட்டுக்கு வருவாரா என்று கேளுங்கள். 2020 முதல் ஒன்ராறியோவில் காணொளி மூலமும் மரணசாசனத்துக்கும் தத்துவத்துக்கும் சாட்சி வைக்க வழியுண்டு. சாட்சிகளில் ஒருவராவது சட்டச் சங்கத்தின் அனுமதி பெற்றவராக இருக்க வேண்டும். ஆயினும் நினைவில் ஐயம் உள்ளவருக்கு நேரிற் சந்திப்பதே சிறந்தது என்பது எமது கருத்து. காணொளிப் படத்துக்கு வெளியே யார் நின்று தலையாட்டுகிறார் என்று தெரியாதல்லவா?

வீட்டில் விடைகளைப் பாடமாக்கிக் கொடுக்க வேண்டாம். சோதனைக்குப் பிள்ளையை ஆயத்தம் செய்வது போல அம்மாவை ஆயத்தம் செய்தால், அது அம்மாவின் முடிவாக இருக்காது.

7. அறைக்குள் யார் இருக்கலாம்?

சட்டத்தரணி பெரியவருடன் தனியே பேச விரும்பினால் அதனை அவமதிப்பாக எடுக்க வேண்டாம். வெளியே இருந்து ஒரு கோப்பி குடியுங்கள். நாளை சகோதரங்களில் ஒருவர் கேள்வி எழுப்பினால், அந்தத் தனிப் பேச்சும் சட்டத்தரணி எழுதிவைத்த குறிப்புமே உங்களைக் காப்பாற்றும்.

மொழிபெயர்ப்பவர் குடும்பத்துக்கு வெளியே உள்ளவராகவும், பத்திரத்தால் நன்மை எதுவும் பெறாதவராகவும் இருப்பதே முறை. சொன்னதைச் சொன்னபடி, தடுமாற்றத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எமது பிழையிலிருந்து நாம் கற்ற பாடம் இது.

ஒன்ராறியோத் தத்துவத்தில் சாட்சி வைக்க முடியாதவர்களையும் தெரிந்துகொள்ளுங்கள். நியமிக்கப்படுபவர், அவருடைய கணவன் அல்லது மனைவி, கொடுப்பவருடைய கணவன் அல்லது மனைவி, கொடுப்பவருடைய பிள்ளை, பதினெட்டு வயது நிரம்பாதவர் ஆகியோர் சாட்சியாக நிற்க முடியாது. மருமகனும் மகளும் சாட்சி வைத்த பத்திரங்கள் எம்மிடம் வந்திருக்கின்றன. அன்புடன் செய்தார்கள்; ஆனால் முறைப்படி செய்யவில்லை.

8. ஊர்க் காணிக்கு

ஒன்ராறியோ முறையில் எழுதிய தத்துவம் ஊர்க் காணிக்கு அப்படியே செல்லும் என்று எண்ண வேண்டாம். காணி எங்கே இருக்கிறதோ அந்நாட்டுச் சட்டமே பத்திரத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கும். இலங்கையில் அற்றோணித் தத்துவங்களுக்கு 1902ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒன்று உண்டு. அது 2022இல் திருத்தப்பட்டது. எனவே பழைய மாதிரிப் பத்திரத்தைப் பிரதி எடுத்துக் கையொப்பமிடுவது ஆபத்து. முதலில் ஊரிலுள்ள சட்டத்தரணியிடம் இப்போதைய வடிவத்தைக் கேட்டு எழுதுவியுங்கள். இங்கே யார் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும், ரொறன்ரோவிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தின் அத்தாட்சி வேண்டுமா என்பதையும் கேளுங்கள். தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கும் இதே புத்திமதிதான். கனடாவில் 2024 ஜனவரி 11 முதல் 'அப்போஸ்தீல்' என்னும் சான்றுமுறை நடைமுறையில் உள்ளது. இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் சேர்ந்த நாடு.

முக்கியமாக, எல்லாச் சொத்துக்கும் எல்லா அதிகாரமும் கொடுக்கும் பத்திரம் எப்போதும் தேவையில்லை. குறித்த ஒரு காணிக்கு, குறித்த ஒரு செயலுக்கு மட்டும் தத்துவம் கொடுக்கலாம். நினைவு தளர்ந்தவருக்கு விளங்கிக்கொள்ளவும் அது இலகு.

9. கையொப்பம் முடியாது என்றால்

சில வேளைகளில் விடை "இனி முடியாது" என்பதாகவே இருக்கும். அப்போதும் வழிகள் உண்டு.

வைத்திய முடிவுகளுக்குப் பயப்பட வேண்டாம். 1996ஆம் ஆண்டின் உடல்நலப் பராமரிப்புச் சம்மதச் சட்டம், தத்துவமோ பாதுகாவலரோ இல்லாதபோது கணவன் அல்லது மனைவி, பிறகு பிள்ளைகள் அல்லது பெற்றோர், பிறகு சகோதரர் என்று வரிசை வகுத்திருக்கிறது. ஆனால் வங்கிப் பணத்துக்கு அத்தகைய வரிசை இல்லை. கணவன் மனைவி என்ற உறவு மட்டும் மற்றவரது தனிக் கணக்கைத் திறக்காது.

முதியோர் ஓய்வூதியத்தை மட்டும் பெற்றுச் செலவு செய்ய வேண்டுமானால், 'சேர்விஸ் கனடா'வில் பொறுப்பாளராகப் பதிவு செய்யும் வழியுண்டு. பெரிய சொத்து இருந்தால், பயிற்சி பெற்ற தகுதி மதிப்பீட்டாளர் ஒருவரைக் கொண்டு மதிப்பீடு செய்விக்கலாம். பெரியவர் மறுத்தால், நீதிமன்றக் கட்டளை இல்லாமல் அந்த மதிப்பீட்டைச் செய்ய முடியாது. தகுதியில்லை என்று மதிப்பீட்டாளர் சான்றளித்தால், 'பப்ளிக் கார்டியன் அன்ட் ட்ரஸ்ரி' என்ற அரச அலுவலகம் சொத்துக்குப் பாதுகாவலராகலாம். பின்னர் குடும்பத்தவர் அந்த இடத்தைத் தமக்குத் தரும்படி விண்ணப்பிக்கலாம். நேரடியாக நீதிமன்றத்திடம் பாதுகாவலர் நியமனம் கேட்பது இன்னொரு வழி. இவற்றுக்குக் காலமும் பணமும் செல்லும் என்பது உண்மை. அதனாற்றான் நல்ல நினைவு இருக்கும்போதே எழுதிவைக்கச் சொல்கிறோம். ஒருவர் ஒரு முதியவரின் பணத்தைச் சூறையாடுகிறார் என்று கண்டால் அறிவிக்க வேண்டிய இடமும் அதே அலுவலகம்தான்.

குறுக்கு வழியாக, அம்மாவின் வங்கிக் கணக்கில் தம் பெயரையும் சேர்த்துவிடுவோர் உண்டு. கனடா உச்ச நீதிமன்றம் 2007இல் 'பெக்கோர்' வழக்கில் கூறியதை அவர்கள் அறிய வேண்டும். பெற்றோர் பணத்தை வயதுவந்த பிள்ளையுடன் கூட்டுக் கணக்காக்கினால், அது பிள்ளைக்குக் கொடுத்த நன்கொடை என்று சட்டம் தானாக எடுத்துக்கொள்ளாது. நன்கொடை என்று சொல்லும் பிள்ளையே அதனை நிரூபிக்க வேண்டும்.

10. மூன்றாம் முறை நடந்தது

ஒரு புதன்கிழமை காலை பத்து மணி. அம்மா காதுக் கருவி போட்டிருந்தார். மகன் வெளியே இருந்தார். இம்முறை எம்மவர் ஒவ்வொரு சொல்லையும் மொழிபெயர்த்தார்.

கனடாவின் பிரதமர் யார் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. என்ன மாதம் என்றும் தெரியவில்லை. ஆனால் சொத்து என்ன என்று கேட்டதும் சொன்னார்: "நாலு பரப்பும் வீடும். கிணத்தடியோடை ஒரு மாமரம். சின்னவள் அங்கைதான் இருக்கிறாள். புருசன் இல்லை அவளுக்கு. கூரை ஒழுகுது எண்டு சொன்னவள்." அந்தக் கடதாசி என்ன செய்யும் என்று சட்டத்தரணி கேட்டார். "விக்கிறது" என்றார் அம்மா. பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்து, "வித்தால் அவள் எங்கை போறது?" என்று கேட்டார்.

முதல் இரண்டு முறையும் அவர் இதைத்தான் சொல்ல முயன்றிருக்கிறார். கிணறு, வேலி, மகள், கூரை என்று எமக்குத் தடுமாற்றமாகக் கேட்டது, சட்டம் கேட்கும் இரண்டாவது கேள்விக்கான விடை: தன்னை நம்பி இருப்பவர் யார்? நாம் அதனை நாலு சொல்லாக்கி வெட்டிவிட்டோம்.

பனங்காணியைப் பற்றிக் கேட்டபோது, "அதை வித்துப்போட்டுக் கூரையைப் போடட்டும். மிச்சம் தம்பி எடுக்கட்டும். அவன்தானே என்னைப் பாக்கிறான்" என்றார். சட்டத்தரணி வேறு கதை பேசிவிட்டுத் திரும்பவும் கேட்டார். சொற்கள் மாறின, முடிவு மாறவில்லை. அவர் அனைத்தையும் குறித்துக்கொண்டார். ஊர்ச் சட்டத்தரணியுடன் பேசி, பனங்காணிக்கு மட்டுமான தத்துவம் புதிதாக எழுதப்பட்டது. இரண்டு வாரத்தின் பின், மீண்டும் ஒரு காலை நேரத்தில், அதே கேள்விகளுக்கு அதே விடைகளைச் சொல்லி அம்மா கையொப்பமிட்டார்.

மகன் தங்கையை வீட்டால் எழுப்ப எண்ணியவர் அல்லர். விற்ற பின் அவளுக்கு வேறு ஒழுங்கு செய்யலாம் என்று நினைத்திருந்தார். அதனைத் தாயிடம் சொல்லவுமில்லை, தங்கையிடம் கேட்கவுமில்லை. அன்று பின்னேரம் அவர் ஊருக்குத் தொலைபேசி எடுத்துப் பேசினார் என்று பின்னர் எமக்குச் சொன்னார்.

மீட்டல் வினாக்கள்

குடும்பமாக இருந்து பேசிப் பாருங்கள்.
1. எமது வீட்டுப் பெரியவரின் சொத்து என்ன, அவரை நம்பி இருப்பவர் யார் என்று நாம் அவரிடமே கேட்டிருக்கிறோமா?
2. தத்துவமும் மரணசாசனமும் எழுதப்பட்டுள்ளனவா? எங்கே இருக்கின்றன? சாட்சிகள் முறையானவர்களா?
3. எமது பெரியவருக்கு எந்த நேரத்தில் மனம் தெளிவாக இருக்கும்?
4. அவர் "மாட்டன்" என்று சொன்னால் ஏற்றுக்கொள்ள நாம் ஆயத்தமா?

நாலாவது வினாவுக்கு விடை தெரிந்த பின்பே பேனையை அவர் கையில் கொடுங்கள்.

மொழிபெயர்ப்பு உதவி தேவைப்படுவோர் எமது முதியோர் நலப் பிரிவினருடன் தொடர்பு கொள்ளலாம். எல்லாக் குடும்பங்களிலும் பெரியோர் மனநிறைவோடும் பிள்ளைகள் ஒற்றுமையோடும் வாழ இறைவன் அருள் புரிவாராக.

முதியோர் நலப் பிரிவினர்